வேப்பேரியில் அச்சான ரப்பியின் நூல்

ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நான் அரபு மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், சென்னையில் கல்லூரிப் படிப்புப் படித்து வந்த என் மச்சான் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்தபோது ஆங்கில நூலொன்றைக் கொண்டு வந்தார். பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அட்டை கழன்று, தாள் பழுத்து, தொட்டால் ஓரம் உதிரும் நிலையில் இருந்தது. "யூத மார்க்கமும் இஸ்லாமும்" என்பது அதன் பெயர். விஸ்பாடன் நகரத்து ரப்பி ஆபிரஹாம் கைகர் என்பவர் ஜெர்மன் மொழியில் எழுதிய பரிசுக் கட்டுரையின் மொழிபெயர்ப்பு. முகப்புத் தாளின் அடியில் மதராஸ், 1898 என்று பொறித்திருந்தது. வேப்பேரியில் இருந்த கிறிஸ்தவ சங்க அச்சகத்தில் அச்சானது அது.

மச்சானின் முகத்தில் கலக்கம் தெரிந்தது. திருக்குர்ஆனில் உள்ள வரலாறுகளும் சொற்களும் யூதர்களிடமிருந்து பெறப்பட்டவை என்று நூலாசிரியர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார், இதற்கு நம்மவர்களிடம் பதில் உண்டா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நூலை எங்கள் ஹஜ்ரத் அவர்களிடம் கொண்டு போனேன். அவர்களுக்கு ஆங்கிலம் வராது. மச்சான் படித்துப் பொருள் சொல்ல, இரண்டு நாட்கள் அஸருக்குப் பின் அமர்ந்து கேட்டார்கள். சினம் கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் கேட்டதோ ஒரே கேள்வி: "இந்த மனிதர் யார்? யாரிடம் ஓதினார்?"

அந்தக் கேள்விக்கு விடை தேட எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. தேடிக் கண்டதையே இங்கு வாசக அன்பர்களுக்கு எழுதுகிறேன்.

ஆபிரஹாம் கைகர் 1810ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தார். அந்நகரத்து யூதர்கள் பல நூற்றாண்டுகளாக ஒரே தெருவில் அடைபட்டு வாழுமாறு கட்டாயப்படுத்தப்பட்டவர்கள். நெப்போலியன் காலத்தில் அவர்களுக்குச் சில உரிமைகள் கிடைத்தன. அவர் வீழ்ந்ததும் அவற்றுள் பல பறிபோயின. 1819இல் ஜெர்மன் நகரங்கள் பலவற்றில் யூதர்களுக்கு எதிரான கலகங்கள் மூண்டன. கைகருக்கு அப்போது ஒன்பது வயது. பிற்காலத்தில் அவர் எழுதியவற்றின் அடியில் எல்லாம், "எங்களுக்கும் இந்நாட்டில் இடம் உண்டு, எங்கள் மார்க்கத்துக்கும் உலக வரலாற்றில் இடம் உண்டு" என்னும் குரல் ஒலிப்பதை இந்தப் பின்னணியை அறிந்தோர் எளிதில் கேட்கலாம்.

பரம்பரையாகக் கல்வியில் சிறந்த குடும்பம் அவருடையது. நம் பிள்ளைகள் குர்ஆனை ஓதி முடித்து ஃபிக்ஹுக்கும் ஹதீஸுக்கும் செல்வது போல், அவரும் இளம் பருவத்திலேயே தௌராத்தையும், பின்னர் யூத சட்டத் தொகுப்பான மிஷ்னாவையும், அதன் மாபெரும் விரிவுரையான தல்மூதையும் ஓதினார். தந்தை மறைந்தபோது அவருக்கு வயது பதின்மூன்று. பின்னர் தமையன் சாலமோன் வழிகாட்டினார். இந்தத் தமையன் இறுதிவரை பழைய வழியிலேயே உறுதியாக நின்றவர். தம்பி சென்ற வழி அவருக்கு ஒருபோதும் உவப்பாக இருந்ததில்லை.

1829இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்திலும், அதனையடுத்து பான் பல்கலைக்கழகத்திலும் கைகர் சேர்ந்தார். பான் நகரில் அவருக்கு அரபு மொழி கற்பித்தவர் ஃபிரைடாக் என்னும் பேராசிரியர். இவர் தொகுத்த அரபு–இலத்தீன் அகராதி 1830ஆம் ஆண்டு முதல் வெளிவரத் தொடங்கியது. ஜவ்ஹரியின் "ஸிஹாஹ்", ஃபைரோஸாபாதியின் "காமூஸ்" ஆகியவற்றையே அது பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. ஆக, "யாரிடம் ஓதினார்" என்ற ஹஜ்ரத் அவர்களின் கேள்விக்கு விடை இதுதான்: நம்முடைய லுகத் நூல்களைக் கரைத்துக் குடித்த ஒருவரிடம் ஓதினார்.

பான் நகரில் அவருக்கு வாய்த்த தோழர்களுள் சாம்சன் ரஃபாயேல் ஹிர்ஷ் என்பவரும் ஒருவர். இருவரும் சேர்ந்து மாணவர்களுக்கென ஒரு சொற்பொழிவுப் பயிற்சிக் குழுவை நடத்தினர். பிற்காலத்தில் கைகர் சீர்திருத்த யூதர்களின் தலைவராகவும், ஹிர்ஷ் பழைமை வழுவாத யூதர்களின் தலைவராகவும் எதிரெதிர் அணியில் நின்றனர். ஹிர்ஷின் முதல் நூல் 1836இல் வெளியானபோது அதனைக் கடுமையாக விமர்சித்து எழுதியவர் இந்தப் பழைய நண்பரே. ஒரே மதரஸாவில் ஒரே பாயில் அமர்ந்து ஓதியவர்கள் பின்னாளில் ஒருவரையொருவர் மறுத்து நூல் எழுதுவதை நாமும் கண்டதில்லையா?

பான் பல்கலைக்கழகம் ஒரு பரிசுக் கேள்வியை அறிவித்தது. குர்ஆனில் யூத மார்க்கத்திலிருந்து வந்தவை என்று கருதத்தக்கவை எவை என ஆராய்க என்பது அக்கேள்வி. கைகர் இலத்தீன் மொழியில் விடை எழுதிப் பரிசு பெற்றார். அதனையே ஜெர்மன் மொழியில் ஆக்கி 1833இல் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். "யூத மார்க்கத்திலிருந்து முஹம்மத் எடுத்துக்கொண்டது என்ன?" என்பது அதன் ஜெர்மன் தலைப்பு. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

நூலின் போக்கை நேர்மையுடன் சொல்லிவிட வேண்டும். முதற் பகுதியில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் யூதர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள விரும்பியிருக்க முடியுமா, அதற்கு வாய்ப்பு இருந்ததா என்று கேட்கிறார். ஏடுகளைப் படித்தல்ல, அரபு நாட்டு யூதர்களோடு பேசிப் பழகியதாலேயே செய்திகள் வந்தன என்பது அவர் கருத்து. இரண்டாம் பகுதியில் சொற்களை எடுத்துக்கொள்கிறார். தாபூத், தௌராத், அத்ன், ஜஹன்னம், அஹ்பார், தரஸ, ரப்பானிய்யூன், ஸப்த், ஸகீனத், தாகூத், ஃபுர்கான், மாஊன், மஸானீ, மலகூத் என்னும் 14 சொற்களும் எபிரேயத்திலிருந்தோ யூத வழக்கிலிருந்தோ வந்தவை என்கிறார். அதன்பின் ஆதம் (அலை) அவர்கள் முதல் ஸுலைமான் (அலை) அவர்களுக்குப் பின்பு வரை உள்ள வரலாறுகளை யூத விரிவுரைகளோடு ஒப்பிடுகிறார்.

இங்கே ஒன்றைக் குறிப்பிடாமல் செல்வது நீதியாகாது. கைகருக்கு முன் ஐரோப்பாவில் நம் நாயகத்தைப் பற்றி எழுதியவர்களுள் பெரும்பாலோர் வசை பாடியவர்களே. பிரிடோ என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் 1697இல் எழுதிய வரலாறு, தலைப்பிலேயே அண்ணலாரைப் பொய்யர் என்று குற்றம் சாட்டியது. கைகர் அவ்வழியில் செல்லவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் வேண்டுமென்றே ஏமாற்றியவர் என்பதை அவர் மறுத்தார். தாம் இறைவனால் அனுப்பப்பட்டவர் என்று உளமார நம்பியவர் என்றே எழுதினார். அந்த நம்பிக்கை உண்மையானது, அதாவது வஹீ உண்மையானது என்று அவர் ஒப்பவில்லை. ஒப்பியிருந்தால் அவர் ரப்பியாக இருந்திருக்க மாட்டார். ஆயினும் வசைக்கும் கருத்து வேறுபாட்டுக்கும் இடையே உள்ள தூரம் சிறிதன்று.

இனி, மச்சானின் கலக்கத்துக்கு வருவோம்.

சொற்களைப் பற்றிய செய்தி நம்மவர்களுக்குப் புதிதா? மதரஸாவில் ஓதுவோர் அனைவரும் அறிந்த ஜலாலைன் தஃப்ஸீரின் ஆசிரியர் இருவருள் ஒருவரான இமாம் ஸுயூத்தி ஹிஜ்ரி 911இல், அதாவது கி.பி. 1505இல் மறைந்தார். அவர் தம் "இத்கான்" நூலில், குர்ஆனில் உள்ள அரபு அல்லாத வேருடைய சொற்களுக்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். அதே பொருளில் தனி நூலும் எழுதினார். ஜஹன்னம், அத்ன், ரப்பானிய்யூன், தாகூத், மலகூத் ஆகியவை அங்கே உள்ளன. எது எபிரேயம், எது ஸுர்யானி, எது ஹபஷி என்று முன்னோர் கூறிய கருத்துகளும் உள்ளன. குர்ஆன் முழுவதும் அரபு மொழியே என்று இமாம் ஷாஃபிஈ அவர்கள் "ரிஸாலா"வில் வலியுறுத்தியதும், அதற்கு மாறுபட்டோரின் சொல்லும், இரண்டையும் இணைத்து, பிற மொழியில் பிறந்து அரபியரின் நாவில் அரபுச் சொல்லாகிவிட்டவை அவை என்று சொன்னவர்களின் முடிவும் நம் நூல்களில் பல நூற்றாண்டுகளாக இருந்து வருகின்றன. கைகர் பிறப்பதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே நம் அறிஞர்கள் அச்சமின்றி எழுதி வைத்த பட்டியலில் அந்த 14 சொற்களுள் சில இடம்பெற்றுள்ளன. ஹஜ்ரத் அவர்கள் மச்சானிடம் அச்சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, இத்கானைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆங்கில நூலின் ஓரத்தில் பென்சிலால் புள்ளி இட்டது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

வரலாறுகளைப் பற்றிய வாதம் இதனினும் கவனிக்கத்தக்கது. ஓர் உயிரைக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பானது என்னும் கருத்து மிஷ்னாவின் ஸன்ஹெத்ரின் பகுதியில் இருக்கிறது, அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்திலும் இருக்கிறது என்று கைகர் எடுத்துக்காட்டினார். உண்மைதான். ஆனால் அந்த வசனமே இது இஸ்ராயீலின் மக்கள்மீது விதிக்கப்பட்டது என்று வெளிப்படையாகக் கூறுகிறதே! தான் முன்வந்த வேதங்களை மெய்ப்பிக்க வந்ததாகத் திரும்பத் திரும்ப அறிவிக்கும் ஒரு வேதத்தில் முன்வந்த வேதத்தாரின் செய்திகள் இருப்பது திருட்டைக் கண்டுபிடித்தது ஆகாது. ஒரே மூலத்திலிருந்து வந்தவை ஒத்திருக்கும் என்பது நம் நம்பிக்கை. ஒன்று மற்றதிலிருந்து வந்தது என்பது அவர் கொள்கை. ஒப்புமை மட்டும் இவ்விரண்டில் எதனையும் நிறுவிவிடாது.

மற்றுமொன்று. காபீலுக்கு ஒரு காகம் மண்ணைத் தோண்டிக் காட்டிய நிகழ்ச்சிக்கு இணையாகக் கைகர் காட்டிய யூத நூல் "ரப்பி எலியேஸரின் இயல்கள்" என்பது. அந்நூல் பழைய ரப்பி ஒருவரின் பெயரைத் தாங்கியிருப்பினும் இஸ்லாம் தோன்றிய பின்னரே இன்றைய வடிவம் பெற்றது என்பது இன்றைய ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. ஆதலின் அங்கே யார் யாரிடமிருந்து கேட்டனர் என்ற கேள்வி தலைகீழாகிவிடுகிறது. எல்லா இடத்திலும் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. இப்ராஹீம் (அலை) அவர்கள் சிலைகளை உடைத்ததும் நெருப்பில் எறியப்பட்டதும் இஸ்லாத்துக்கு முற்பட்ட யூத விரிவுரையிலேயே உள்ளன. அதை மறைப்பதில் நமக்கு ஒரு பயனும் இல்லை.

அவர் கையில் இருந்த கருவிகளும் மிகக் குறைவு. ஃப்ளூகலின் குர்ஆன் பதிப்பு வெளிவந்தது 1834இல். பைளாவியின் தஃப்ஸீரை ஃப்ளைஷர் அச்சிடத் தொடங்கியது 1846இல். இப்னு ஹிஷாமின் ஸீரத்தை வூஸ்டன்ஃபெல்ட் பதிப்பித்தது 1858 முதல். இவை எதுவும் அச்சில் இல்லாத காலத்தில், கிடைத்த சில ஏடுகளையும் துண்டுகளையும் வைத்துக்கொண்டு ஓர் இளைஞர் எழுதியது அந்த நூல்.

இதற்குள் கைகர் 1832இலேயே விஸ்பாடன் நகரின் ரப்பியாகிவிட்டார். 1835இல் யூத இறையியலுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். 1837இல் அவ்விதழில், யூத மார்க்கத்தில் பெண்களின் நிலை பற்றி எழுதி, வழிபாட்டிலும் கடமைகளிலும் அவர்களுக்குச் சமநிலை வேண்டும் என்று வாதிட்டார். அக்காலத்தில் இது எவ்வளவு துணிவான எழுத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1838இல் பிரெஸ்லாவ் நகர யூதர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். இன்று போலந்து நாட்டில் உள்ள விரோட்ஸ்வாஃப் நகரமே அது. அங்கே ஏற்கெனவே ரப்பியாக இருந்த சாலமோன் டிக்டின் என்னும் முதியவர், இத்தகைய கருத்துடையவரோடு ஒரே பீடத்தில் அமர மாட்டேன் என்று மறுத்தார். பிரஷ்ய அரசின் குடியுரிமையும் எளிதில் கிடைக்கவில்லை. 1840இல்தான் கைகர் பதவியேற்க முடிந்தது. ஊர் இரண்டாயிற்று. சுதந்திரமான ஆராய்ச்சியும் ரப்பி பதவியும் ஒருவரிடம் சேர்ந்து இருக்கலாமா என்பதே வழக்கின் சாரம். இருக்கலாம் என்று கூறிய ரப்பிகளின் தீர்ப்புகள் இரண்டு தொகுதிகளாக அச்சிடப்பட்டன. 1843இல் டிக்டின் மறைந்த பின்னும் பிளவு உடனே ஆறவில்லை. ஒரே சமூகத்துக்குள் இரு சாராருக்கும் தனித்தனி ரப்பிகள் என்ற ஏற்பாட்டிலேயே பின்னர் அமைதி பிறந்தது. கைகரின் கொள்கையில் தீவிரம் இருந்தாலும், ஜமாஅத்தை உடைத்துக்கொண்டு வெளியேறும் எண்ணம் அவரிடம் இருந்ததில்லை என்பது கவனிக்கத்தக்கது.

1844, 1845, 1846 ஆகிய ஆண்டுகளில் சீர்திருத்த நோக்குடைய ரப்பிகளின் மாநாடுகள் பிரவுன்ஷ்வைக், ஃபிராங்க்ஃபர்ட், பிரெஸ்லாவ் நகரங்களில் கூடின. ஃபிராங்க்ஃபர்ட் மாநாட்டில் எழுந்த வினா, தொழுகையில் எபிரேய மொழி கட்டாயமா என்பது. கட்டாயமில்லை என்ற பக்கம் நின்றார் கைகர். தம் உள்ளத்தை ஜெர்மன் மொழி வேண்டுதலே ஆழமாகத் தொடுவதாகவும் சொன்னார். ஸகரியாஸ் ஃபிராங்கல் என்னும் பெரிய அறிஞர் அந்த முடிவை ஏற்காது மாநாட்டை விட்டு வெளியேறினார். துருக்கியில் 1932இல் பாங்கு துருக்கி மொழிக்கு மாற்றப்பட்டதையும், 1950இல் மக்கள் கண்ணீரோடு மீண்டும் அரபுப் பாங்கைக் கேட்டதையும் நினைவில் வைத்திருப்போர்க்கு, ஃபிராங்கலின் உள்ளம் விளங்கும். வியப்பு என்னவெனில், 1854இல் கைகர் தாமே வெளியிட்ட தொழுகை நூலில் எபிரேயம் பெருமளவு அப்படியே இருந்தது. எருசலேமுக்குத் திரும்புதல், பலியிடுதல் ஆகியவற்றை வேண்டும் பகுதிகளையே அவர் நீக்கினார். நாங்கள் வேறொரு நாட்டுக்குக் காத்திருப்பவர்கள் அல்லர், ஜெர்மனியே எங்கள் நாடு என்பது அதன் பொருள்.

இந்த ஜெர்மன் பற்றுதான் அவர் வாழ்வில் ஒரு கறையையும் விட்டுச் சென்றது. 1840இல் டமாஸ்கஸ் நகரில் ஒரு பாதிரியார் காணாமற் போனார். இரத்தத்துக்காக யூதர்கள் அவரைக் கொன்றனர் என்னும் அபாண்டம் கிளம்பி, பலர் சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளாயினர். ஐரோப்பிய யூதத் தலைவர்கள் எகிப்துக்குச் சென்று முஹம்மத் அலீ பாஷாவிடம் முறையிட்டு அவர்களை மீட்டனர். அதே ஆண்டு உஸ்மானிய சுல்தான் அப்துல் மஜீத் இப்பழி பொய்யென்று ஃபர்மான் பிறப்பித்தார். அப்போது கைகர் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ஆசிய ஆப்பிரிக்க யூதர்களின் மீட்சியினும் பிரஷ்யாவில் ஒரு யூதர் மருந்தாளராகவோ வழக்குரைஞராகவோ ஆக முடிவதே தமக்கு முக்கியமானது என்னும் கருத்தைத் தெரிவித்தார். மனிதர் என்ற முறையில் பரிவு உண்டு என்று ஒரு சொல் சேர்த்திருந்தாலும், அந்தக் கடிதம் படிப்போர் நெஞ்சை உறுத்தவே செய்யும். டமாஸ்கஸ் யூதர்களின் கண்ணீருக்கு இஸ்தன்பூலின் கலீஃபா காட்டிய இரக்கம், அவர்களின் சொந்த மார்க்க அறிஞரிடம் இல்லாமற் போயிற்று.

ரப்பிகளை உருவாக்க ஒரு கல்விக்கூடம் வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடியவர் அவர். ஒரு செல்வரின் மரண சாசனச் சொத்தைக் கொண்டு 1854இல் பிரெஸ்லாவிலேயே அத்தகைய கூடம் எழுந்தது. தலைமை ஏற்க அழைக்கப்பட்டவரோ, மாநாட்டை விட்டு வெளியேறிய அதே ஃபிராங்கல். அதே ஊரில் இருந்துகொண்டு அதைக் காணும் நிலை கைகருக்கு ஏற்பட்டது. 1860இல் மனைவி எமிலியும் மறைந்தார். 1863இல் பிரெஸ்லாவை விட்டுத் தாம் பிறந்த ஃபிராங்க்ஃபர்ட்டுக்கே திரும்பினார்.

இவற்றுக்கு இடையே, 1857இல், அவருடைய பெருநூல் வெளிவந்தது. எபிரேய வேதத்தின் மூலமும் மொழிபெயர்ப்புகளும் காலந்தோறும் யூத சமூகத்தின் கட்சிப் போராட்டங்களுக்கேற்ப மாற்றம் பெற்றன என்று அதில் காட்டினார். தஹ்ரீஃப் பற்றி இப்னு ஹஸ்ம் முதலிய நம் அறிஞர்கள் வாதிட்டதை ஒரு ரப்பி தம் சொந்த ஏடுகளிலிருந்தே எடுத்துரைப்பது போல் அப்பகுதிகள் தோன்றும். ஆனால் அவர் நோக்கம் வேறு. எல்லா வேதமும் காலத்தின் விளைவே, ஆதலின் காலம் மாறும்போது சட்டமும் மாறலாம் என்பதே அவர் முடிவு. இங்கே அவரோடு உடன்செல்ல நம்மால் இயலாது. நஸ்ஸு நிலைத்திருக்க, அதனை விளங்கும் இஜ்திஹாது நடப்பது ஒன்று. நஸ்ஸே நடந்துகொண்டிருப்பது முற்றிலும் வேறு.

1864 முதல் வெளிவந்த "யூத மார்க்கமும் அதன் வரலாறும்" என்னும் சொற்பொழிவுகளில் அவர் கிறிஸ்தவத்தின் பக்கம் திரும்பினார். ஈஸா (அலை) அவர்களை பரிசேயர் என்னும் யூதக் கூட்டத்தைச் சேர்ந்தவராகவே கண்டார். அவர்கள் போதித்தவற்றில் யூத மார்க்கத்துக்குப் புதியது எதுவும் இல்லை என்று எழுதினார். ஜெர்மன் கிறிஸ்தவ இறையியலார் கொதித்தெழுந்தனர். அதுவரை அவரைப் புலமை மிக்கவர் என்று போற்றியவர்களும் சினந்தனர். இளமையில் இஸ்லாத்தைப் பற்றி எழுதியதையும் முதுமையில் கிறிஸ்தவத்தைப் பற்றி எழுதியதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இரண்டும் ஒரே வாதம் என்பது தெளிவாகும். உங்கள் இரு மார்க்கங்களுக்கும் தாய் எங்கள் மார்க்கமே, அந்தத் தாயைத் தெருக்கோடியில் நிறுத்தாதீர்கள் என்பதே அது. சூஸன்னா ஹெஷல் என்னும் யூதப் பேராசிரியை 1998இல் கைகரைப் பற்றி எழுதிய நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இப்போது வேப்பேரி அச்சகத்துக்கு வருவோம். டெல்லியில் கேம்பிரிட்ஜ் மிஷனின் தலைவராக இருந்த லெஃப்ராய் பாதிரியார், முஸ்லிம்களோடு வாதம் புரிவதற்குப் பயன்படும் என்று கருதி, இந்த ஜெர்மன் நூலை ஆங்கிலத்தில் ஆக்கித் தருமாறு கேட்டுக்கொண்டார். டெல்லி மிஷனுக்குத் துணைநின்ற மகளிர் சங்கத்தைச் சேர்ந்த யங் என்பவர் பெங்களூரில் இருந்துகொண்டு அப்பணியை முடித்தார். 1833இல் எழுதிய நூலை 1898இல் அச்சிட்டார்கள். ஆசிரியர் மறைந்து இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆசிரியர் அவர்களுடைய மார்க்கத்தைப் பற்றி எழுதிய சொற்பொழிவுகளும் வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அவற்றை மதராஸில் மொழிபெயர்க்க எவரும் முன்வரவில்லை! நம்மை நோக்கி நீட்டப்பட்ட வாளின் மறுமுனை, நீட்டியவரின் நெஞ்சை நோக்கி இருந்தது. இதனை அன்று நம்மவர்களில் ஒருவர் அறிந்திருந்தால் டெல்லி வாத மேடைகளில் என்ன நிகழ்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

1870இல் கைகர் பெர்லினுக்கு அழைக்கப்பட்டார். அவர் ஏங்கிய கல்விக்கூடம் 1872இல் அங்கே திறக்கப்பட்டது. அதில் இரண்டு ஆண்டுகளே கற்பித்தார். 1874ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், தமது 64ஆம் வயதில் திடீரென மறைந்தார்.

ஏறத்தாழ அதே வேளையில், அவருடைய எழுத்துகளைப் பெரிதும் மதித்த இக்னாஸ் கோல்ட்ஸிஹர் என்னும் ஹங்கேரிய யூத இளைஞர் கெய்ரோவில் அல் அஸ்ஹரில் ஷெய்குகளின் முன் அமர்ந்து பாடம் கேட்டுத் திரும்பியிருந்தார். ஹதீஸ்களைப் பற்றி அவர் பின்னர் எழுதியவை நமக்குப் பெரும் தலைவலியைத் தந்தவை. அது தனிக் கட்டுரைக்குரிய கதை.

பெர்லின் கல்விக்கூடத்தை 1942இல் நாஜிகள் மூடினர். அங்கே பயின்று 1935இல் ரப்பி பட்டம் பெற்ற முதல் பெண்மணியான ரெஜினா யோனாஸ் 1944இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பெண்களுக்குச் சமநிலை வேண்டும் என்று 1837இல் எழுதியவரின் கூடம் அது. ஜெர்மனியே எங்கள் நாடு என்று தொழுகை நூலைத் திருத்தியவரின் கூடமும் அதுவே. 1999இல் போட்ஸ்டாம் நகரில் கைகரின் பெயரால் ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. அங்கே பயின்ற மூவர் 2006இல் டிரெஸ்டன் நகரில் ரப்பிகளாயினர்.

ஹஜ்ரத் அவர்கள் மர்ஹூமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மச்சான் அந்த நூலை அவர்களிடமே விட்டுச் சென்றார். அவர்களுக்குப் பின் மற்றக் கிதாபுகளோடு அது என்னிடம் வந்தது. முதல் பக்கத்தில் அச்சகத்தின் பெயருக்குக் கீழே ஹஜ்ரத் அவர்களின் கையெழுத்தில், அரபுத் தமிழில், "இத்கானுடன் சேர்த்து வைக்கவும்" என்று எழுதியிருக்கிறது. அப்படியே வைத்திருக்கிறேன்.